கன்னத்துக்குச் சேர்ந்த கட்டை

கராஜுக்குள் ரம்பம் ஓடும் சத்தம் கேட்டதும் வெள்ளியங்கிரி காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டார். மகன் குடியேறிய வெளிநாட்டு ஊரான ஆலனில், அந்தத் தெருவில் ரம்பம் பிடிக்கிற ஆள் யாரும் கிடையாது. புல் வெட்டுவதற்கே வண்டி போட்டுக்கொண்டு ஆள் வருகிறது. மகன் கதிர் மாடியில் போர்த்திக்கொண்டு தூங்குகிறான். அப்படியானால் உள்ளே இருப்பது திருடன்தான். திருடன் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரம்பத்தோடு வருவானா என்று ஒரு கணம் யோசித்தார். இந்த ஊரில் வருவான், யார் கண்டது. மூலையில் இருந்த குடையைக் கையில் எடுத்துக்கொண்டு கராஜ் கதவைத் திறந்தார்.

மருமகள் வான்மதி நின்றிருந்தாள். கண்ணுக்குப் பெரிய கண்ணாடி, மூக்குக்கு முகமூடி, கூந்தலைத் தூக்கிக் கொண்டையாகப் போட்டிருந்தாள். கருப்பாக ஒரு சாமானை மேசையில் இறுக்கி வைத்து, அதன் பின்பக்கத்தை அறுத்துக்கொண்டிருந்தாள். அறுக்கிற இடத்தைச் சுற்றி நீல டேப் ஒட்டியிருந்தது. ரம்பம் அந்த டேப்பின் ஓரத்தை விட்டு ஒரு மயிரிழை விலகவில்லை.

“என்ன அம்மிணி அறுக்கறே?”

“துப்பாக்கிக் கட்டைங்க மாமா. கையில எதுக்குங்க குடை?”

வெள்ளியங்கிரி குடையைச் சுவரில் சாய்த்து வைத்தார். ஓர் அடி பின்னால் நகர்ந்து நின்றுகொண்டார்.

வீட்டில் துப்பாக்கி இருக்கிறது என்பது வந்த சில நாளிலேயே அவருக்குத் தெரிந்துபோனது. கராஜில் ஓர் இரும்புப் பீரோ இருந்தது. நம்பர் போட்டுத் திறக்கிற பீரோ. நகையை எதற்குக் கராஜில் வைத்திருக்கிறீர்கள் என்று மகனை அதட்டியபோதுதான் விஷயம் வெளியே வந்தது. அவர் யாரையும் சுலபத்தில் நம்புகிறவர் அல்ல. பாத்திரம் கழுவும் மெஷினை நம்பாமல், அது கழுவி வைத்த தட்டை மறுபடி கழுவித்தான் சாப்பிடுவார். காரில் வழி சொல்லும் பொம்பளையை நம்பாமல் ஒவ்வொரு திருப்பத்திலும் “இவளுக்கு யார் சொன்னது?” என்பார். அப்படிப்பட்டவர் துப்பாக்கி இருக்கிற வீட்டில் எப்படித் தூங்குவார்? அதுவும் அது மகனுடையது அல்ல, மருமகளுடையது என்று தெரிந்த பிறகு?

“வேட்டைக்குப் போறியா நீ?” என்று அன்றைக்கே கேட்டிருந்தார்.

“இல்லீங்க. காயிதத்துல வட்டம் போட்டு வச்சிருப்பாங்க. படுத்துக்கிட்டு அதைச் சுடறதுங்க.”

“காயிதம் உன்னை என்ன பண்ணுச்சு?”

வான்மதி விழுந்து விழுந்து சிரித்தாள். கிரீன் கார்டு வந்த வருடம் ஆபீஸ் சிநேகிதி ஒருத்தியோடு விளையாட்டாகப் போனவள், விடாமல் பிடித்துக்கொண்டாள். ஒரு கம்பெனியில் சாஃப்ட்வேர் சோதித்துப் பார்க்கிற வேலை அவளுக்கு. மற்றவர்கள் எழுதியதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க வேண்டும். அந்த வேலை கேட்டதும் வெள்ளியங்கிரிக்குப் பிடித்திருந்தது. சந்தேகப்படுவதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்றால் நல்ல விஷயம்தானே. துப்பாக்கிதான் பிடிக்கவில்லை.

“பயப்படாம வாங்க மாமா” என்றாள் இப்போது. “சுடற இரும்பு பீரோவுல பூட்டியிருக்குதுங்க. நீங்க விசிட்டர் விசால வந்திருக்கறீங்க, அதை நீங்க தொடக்கூடாதுன்னு சட்டம். இது வெறுங் கட்டை. இதை எவ்வளவு வேணாலும் தொடலாம்.”

“தொட்டா எவனாவது வந்து புடிச்சுட்டுப் போவானா?”

“கட்டையத் தொட்டா வரமாட்டாங்க.”

அவர் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கிட்டே போனார். பேர்தான் கட்டை. மரம் ஒரு துளி இல்லை, அத்தனையும் பிளாஸ்டிக். அறுத்த இடத்தில் எட்டிப் பார்த்தால் உள்ளே ஓட்டை, புளி டப்பா மாதிரி. விரலால் சுண்டச் சொன்னாள். முன்னும் பின்னும் பார்த்துவிட்டுச் சுண்டினார். டொப் என்றது.

“இதை நம்பியா இரும்பை உக்கார வைக்கறாங்க?” என்றார்.

“அதாங்க மாமா வெவகாரமே.”

அவள் சொன்னதை அவர் பாதி சந்தேகத்தோடுதான் கேட்டார். ஆனாலும் கேட்டார். கட்டை ஆறடி ஆணுக்காக வார்த்ததாம். வான்மதிக்கோ உயரம் ஐந்தடிகூட இல்லை. தோளில் வைத்தால் கை எட்டவில்லை, அதனால் பின்பக்கத்தை அறுக்க வேண்டும். கன்னம் வைக்கிற இடம் பள்ளம். குறி பார்க்கிற கண்ணாடியோ உயரத்தில் இருக்கிறது, அதனால் ஒவ்வொரு தடவையும் கழுத்தைத் தூக்கித் தேட வேண்டியிருக்கிறது. அங்கே மேடு கட்ட வேண்டும். முன்பக்கம் வெறும் கூடு. துப்பாக்கியைத் தாங்கக் கையில் மாட்டுகிற வாரை இழுத்துப் பிடித்தால் கூடு வளைந்து துப்பாக்கிக் குழாயைத் தொடுகிறது, குண்டு இடம் மாறுகிறது. அங்கே கம்பி வைத்துப் பசை ஊற்றி இறுக்க வேண்டும்.

“சின்னதாக் கடையில கெடைக்காதா?”

“இந்த மாடலுக்கு யாரும் பண்றதில்லீங்க. சொல்லிச் செய்யறதுன்னா ரெண்டு மாசம் ஆகும். அடுத்த ஞாயித்துக்கெழமை செலக்‌ஷன்.”

அவள் சேர்ந்திருந்த துப்பாக்கிக் கிளப்பிலிருந்து மாநிலப் போட்டிக்கு நாலு பெண்களை அனுப்புவார்கள். மூன்று பேர் முடிவாகிவிட்டார்கள். நாலாவது இடத்துக்குத்தான் ஞாயிற்றுக்கிழமை சுட வேண்டும். இதற்கு முன் இரண்டு தடவை அந்த இடம் வான்மதிக்குக் கைக்கெட்டும் தூரத்தில் வந்து தவறிப்போயிருந்தது. இரண்டு தடவையும் கடைசிக் குண்டுகளில் கழுத்து வலித்து முகம் தூக்கிவிட்டது.

“இந்த ஊர்ல எனக்குன்னு அளவெடுத்த சாமான் ஒண்ணு கெடையாதுங்க மாமா” என்றாள், ரம்பத்தை மறுபடி எடுத்துக்கொண்டே. “சமையல்கட்டு அலமாரிக்கு ஸ்டூல். காருக்குக் குஷன். ஆபீஸ்ல நாற்காலியில உக்காந்தா காலு தொங்குது. இது ஒண்ணாவது என்ற அளவுக்கு இருக்கட்டுமே.”

வெள்ளியங்கிரி உள்ளே போகவில்லை. அறுத்து முடித்ததும் ஓட்டையாக நின்ற பின்பக்கத்துக்குள் அடைக்க, வெங்காயம் நறுக்குகிற பலகையைக் கொண்டுவந்து அளவாக இழைத்தாள். ஒரு தடவை வைத்துப் பார்த்தாள், எடுத்துத் தேய்த்தாள், மறுபடி வைத்தாள். கொட்டாவி விட்டபடி இறங்கிவந்த கதிர், “அப்ப இனி வெங்காயம் எதுல நறுக்கறது?” என்று கேட்டான்.

“உங்க லேப்டாப் மேல” என்றாள் அவள், தலையைத் தூக்காமல்.

கட்டைக்குள் பலகை இறுகி உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. வெள்ளியங்கிரி தானாகவே விரலை நீட்டிச் சுண்டிப் பார்த்தார். டொப் போய் டக் வந்திருந்தது. “ம்” என்றார். அவர் வாயிலிருந்து அது வருவதற்கே சாதாரணமாக ஒரு மாதம் ஆகும்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் வான்மதி கன்னத்து இடத்தையும் முன்பக்கத்துக் கூட்டையும் உப்புத்தாளால் தேய்த்து, ஏதோ மருந்து போட்டுத் துடைத்து, மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். புதனன்று ஆயுத பூசை. அன்று சாமானைத் தொட்டு வேலை செய்யக்கூடாது, வியாழக்கிழமை விஜயதசமி, அன்றைக்கே பசை ஊற்றிவிடலாம் என்பது அவள் கணக்கு.

பூசைக்கு ஏற்பாடு செய்வது வெள்ளியங்கிரியின் பொறுப்பு. மனைவி வசந்தாமணி மகளின் பிரசவத்துக்காக ஊரிலேயே நின்றுவிட்டாள். எல்லாரும் வேலைக்குப் போன பிறகு அவர் ஒற்றை ஆளாகக் கராஜில் இறங்கினார். கார், டிரில் மெஷின், ஏணி, கத்தரி, சமையல்கட்டிலிருந்து தூக்கிவந்த மிக்சி, எல்லாவற்றையும் துடைத்துச் சந்தனம் குங்குமம் வைத்தார். மகனுடைய லேப்டாப்புக்கும் வைத்தார். (“கீபோர்டுல மட்டும் வேண்டாம்ப்பா, சந்தனம் காஞ்சா எழுத்து ஒட்டிக்கும்” என்று கதிர் காலையிலேயே கெஞ்சிவிட்டுப் போயிருந்தான்.)

கடைசியில் கட்டைக்கு முன்னால் வந்து நின்றார். வைப்பதா வேண்டாமா? ஆயுதம் என்றால் இந்த வீட்டில் உண்மையான ஆயுதம் இது ஒன்றுதான். இதற்கு வைக்காமல் மிக்சிக்கு வைத்தால் சாமி சிரிக்கும். ஆனால் கட்டை இருந்த கோலம் அவருக்குப் பிடிக்கவில்லை. உப்புத்தாள் பட்ட இடமெல்லாம் சாம்பல் பூத்து, சொறி பிடித்த மாதிரிக் கிடந்தது. இப்படியா ஒரு சாமானைப் பூசைக்கு வைப்பது? உள்ளே போய்த் தேங்காயெண்ணெய்ப் பாட்டிலை எடுத்துவந்தார். கன்னத்து இடத்தில் ஊற்றி, உள்ளங்கையால் அழுத்தி அழுத்தித் தேய்த்தார். பிளாஸ்டிக் எண்ணெயைக் குடித்து, கழுவிவிட்ட எருமை மாதிரி மினுமினுத்தது. பழந்துணியால் துடைத்துவிட்டு மூன்று பொட்டு வைத்தார். அவருக்கே பெருமையாக இருந்தது. முன்பக்கத்துக் கூட்டுக்குள் கை நுழையவில்லை, அதை விட்டுவிட்டார்.

சாயங்காலம் பூசையின்போது வான்மதி அந்தப் பொட்டுகளைப் பார்த்துவிட்டு, “மாமா!” என்று கத்தினாள். சந்தோஷத்தில்தான். போட்டோ எடுத்து யார் யாருக்கோ அனுப்பினாள். “என்ற கட்டைக்கும் மரியாதை பண்ணிட்டீங்க” என்று இரண்டு மூன்று தடவை சொன்னாள். வெள்ளியங்கிரி கொண்டைக்கடலையை மென்றுகொண்டே, “செய்யறதைச் சுத்தமாச் செய்யோணுமில்ல” என்றார்.

மறுநாள் சாயங்காலம் அவள் ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தாள். உப்புத்தாள் தேய்ப்பும் மருந்துத் துடைப்பும் செவ்வாய்க்கிழமையே முடிந்துவிட்டதால் அதற்குமேல் ஒன்றும் செய்யவில்லை. பசை இரண்டு டப்பாவில் இருந்தது. சரிபாதியாக எடுத்து, ஐஸ்கிரீம் குச்சியால் கலக்கினாள். முன்பக்கத்துக் கூட்டுக்குள் கருப்புக் கம்பிகளைப் படுக்க வைத்துப் பசையை ஊற்றினாள். கன்னத்து இடத்தில் அட்டையால் தடுப்புக் கட்டி, கெட்டிப் பசையைக் குழைத்து அப்பி, முகத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஈரக் கையால் வழித்து வழித்து மேடு பிடித்தாள். இட்லிக்கு மாவு ஊற்றுகிறவளுடைய கை அது. எவ்வளவு போதும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. கடைசியாகப் பீரோவைத் திறந்து இரும்பை எடுத்தாள். வெள்ளியங்கிரி சொல்லாமலே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய்விட்டார்.

அவள் இரும்பின்மேல் எதையோ பூசினாள். பூட்ஸுக்குப் போடுகிற பாலிஷ்.

“இரும்புக்கு எதுக்கு அம்மிணி பூட்ஸ் பாலிஷ்?”

“இதைப் பசை மேல அழுத்தி அச்சு எடுக்கோணுங்க மாமா. பசை இரும்புல ஒட்டிக்கிட்டா ஜென்மத்துக்கும் பிரிக்க முடியாது. மெழுகோ எண்ணெயோ ஒரு சொட்டு இருந்தாப் போதும், பசை ஒட்டாது. கழண்டு வந்துரும்.”

வெள்ளியங்கிரி கன்னத்து மேட்டைப் பார்த்தார்.

ஒரு சொட்டு என்கிறாள். அவர் ஊற்றியது ஒரு கை. இப்போதே சொன்னால் வழித்து எடுத்துவிடலாம். பசை இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. சொல்லத்தான் நினைத்தார். ஆனால் ஊரையெல்லாம் நம்பாதே நம்பாதே என்று சொல்லிக்கொண்டு திரிகிற மனுசன், ஆளில்லாத நேரத்தில் அடுத்தவள் சாமானில் கைவைத்துக் கெடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? ஈரத்துணி போட்டுத் துடைத்தாளே, எண்ணெய் போயிருக்கும். பிளாஸ்டிக்தானே, எவ்வளவு குடித்திருக்கப்போகிறது. இப்படி அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். எதிராளி யாராவது இந்தச் சமாதானத்தைச் சொல்லியிருந்தால் ஒரு சொல் நம்பியிருக்க மாட்டார். இராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. ரசம் உப்பு என்று காரணம் சொன்னார். ரசத்தில் உப்பு சரியாகத்தான் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஆபீசிலிருந்து வந்ததும் வான்மதி பையைக்கூட வைக்காமல் கராஜுக்குப் போனாள். கதிரும் போனான். வெள்ளியங்கிரி கதவோரம் நின்றார். அவள் முதலில் இரும்பைக் கழற்றிப் பீரோவில் பூட்டிவிட்டு, அட்டைத் தடுப்பைப் பிரித்தாள். மேடு அழகாக இறுகியிருந்தது. கட்டைவிரலால் ஓரத்தை லேசாகத் தள்ளிப் பார்த்தாள்.

மேடு முழுசாகக் கழன்று அவள் கைக்கு வந்துவிட்டது.

அவள் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தாள். கழன்ற மேட்டைத் திருப்பிப் பார்த்தாள். அடிப்பக்கம் கண்ணாடி மாதிரி வழவழவென்று இருந்தது.

“எண்ணெய்” என்றாள். “எண்ணெய் பட்டிருக்குது.” கொஞ்ச நேரம் யோசித்தாள். “செவ்வாக்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிச்சேன். அதுக்கப்புறந்தான் இதைத் தொடச்சேன். முடியில இருந்து கைக்கு வந்திருக்கும். என்ற தப்புதான். சே, சின்னப் புள்ளைக்கும் தெரிஞ்ச விசயம் இது.”

“விடு வானு, பழைய கட்டையிலேயே சுடு” என்றான் கதிர்.

“பழைய கட்டை எங்க இருக்குது? அதான் அறுத்தாச்சே.”

வெள்ளியங்கிரி கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவரை யாரும் பார்க்கவில்லை. யாருக்கும் சந்தேகமில்லை. இப்படியே உள்ளே போய் டிவியைப் போட்டால் கதை முடிந்தது. அவள் தன்னையே குற்றவாளியாக்கித் தீர்ப்பும் சொல்லிவிட்டாள். சொந்த ஊர் கோபியில் இருந்து புறப்பட்டபோது, புள்ளைக வீட்ல வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க என்று வசந்தாமணி சொல்லி அனுப்பியிருந்தாள். சும்மா இருக்க இதைவிட நல்ல நேரம் வராது.

“நீ தலைக்குத் தேச்சது நல்லெண்ணெய்” என்றார்.

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

“அந்த மேட்டை மோந்து பாரு. அது தேங்காயெண்ணெய். பூசைக்கு முன்னால நான்தான் தேச்சேன். சொறி புடிச்ச மாதிரி இருந்துது, அதுக்காகத் தேச்சேன்.”

வான்மதி மோந்து பார்த்தாள். அப்புறம் அவரைப் பார்த்தாள்.

“நேத்து நான் பாலிஷ் போடறப்பக் கேட்டீங்களே.”

“கேட்டேன்.”

“அப்பவே தெரியுமுங்களா?”

“தெரியும்.”

“அப்ப ஏனுங் மாமா சொல்லலை?”

“வாய் வரலை.”

“அப்பா!” என்று கதிர் ஆரம்பித்தான். “ஒரு வாரமா அவ சோறு தண்ணி இல்லாம...”

“கதிர், கொஞ்சம் சும்மா இருங்க.”

அவள் முகத்தில் கோபம் இருந்தது. அவருக்கு அது நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் அந்தக் கோபம் எங்கேயோ பாதி வழியில் நின்றுவிட்டது. அவள் கண் கட்டையின் முன்பக்கத்துக்குப் போயிருந்தது.

“இங்கயும் தேச்சீங்களா மாமா? இந்தக் கூட்டுக்குள்ள?”

“இல்லை. கை போகலை.”

“நெசமாலுமா? இப்ப மறைக்காமச் சொல்லோணும்.”

“எதுக்கு மறைக்கறேன்? போகலைன்னா போகலை.”

அவள் ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன்பக்கத்துப் பசையின் ஓரத்தில் கொடுத்து நெம்பினாள். ஒரு நெம்புதான். குழியைவிட்டுப் பணியாரம் கிளம்புகிற மாதிரி ஒரு துண்டு அப்படியே கிளம்பி வந்தது. வான்மதியின் முகம் மாறியது.

“எண்ணெய் படாத எடத்துலயும் ஒட்டலைங்க மாமா. அப்ப எண்ணெய் மட்டும் காரணமில்லை. இந்தப் பிளாஸ்டிக்கே எதையும் ஒட்ட விடாத சாதி. நீங்க எண்ணெய் தேய்க்காம இருந்திருந்தா இது ஞாயித்துக்கெழமை வரைக்கும் ஒட்டுன மாதிரி நடிச்சிருக்கும். அங்க படுத்துச் சுடறப்பக் கழண்டிருக்கும்.”

சொல்லிவிட்டு, டிரில் மெஷினுக்குச் சின்ன முனை தேடி வீட்டுக்குள் போனாள். கதிரும் பின்னாலேயே போனான்.

வெள்ளியங்கிரி அசையாமல் நின்றார். நம்பவில்லை. கிழவன் மனசு நோகக்கூடாது என்று சொல்கிறாள். நல்ல பெண், அதனால் சொல்கிறாள். மருமகள் சொல்கிற ஆறுதலை நம்பி ஏமாறுகிற வயசா இது? மேசைக்குப் போனார். ஸ்க்ரூ டிரைவரை எடுத்தார். அவள் நெம்பாமல் விட்ட மறுகோடியில், கை நுழையவே நுழையாத மூலையில் முனையைக் கொடுத்துத் தன் பலத்தையெல்லாம் போட்டு நெம்பினார்.

கிளம்பி வந்தது. அடிப்பக்கம் வழவழவென்று இருந்தது. மோந்து பார்த்தார். எண்ணெய் வாசம் துளி இல்லை.

அவள் பொய் சொல்லவில்லை. இந்த நேரத்தில் ஒரு பொய் சொல்லியிருந்தால் எல்லாருக்கும் சௌகரியம், ஆனாலும் சொல்லவில்லை. கோபம் வந்தபோது கோபப்பட்டாள். காரணம் வேறு என்று தெரிந்ததும் கோபத்தை இறக்கி வைத்துவிட்டுக் காரணத்தைப் பிடித்துக்கொண்டாள். இப்படி ஓர் ஆளை அவர் தன் ஆயுசில் அதிகம் பார்த்ததில்லை. திரும்பி வந்த வான்மதி, அவர் கையில் ஸ்க்ரூ டிரைவரையும் துண்டையும் பார்த்துவிட்டு, “நம்பலைங்களா?” என்றாள்.

“இப்ப நம்பறேன்.”

“அப்ப கட்டையப் புடிங்க. இன்னைக்கே ஊத்தியாகோணும். நாளைக்குப் பூராக் காயோணும்.”

ஒட்டாத சாமானை ஒட்டவைக்க முயற்சி செய்து பிரயோசனம் இல்லை, பூட்டித்தான் வைக்க வேண்டும் என்றாள். கன்னத்து இடம் முழுக்கச் சின்னச் சின்னத் துளைகள் போட்டாள். நேராகப் போடவில்லை. ஒன்று இப்படிச் சாய்ந்தது, பக்கத்தில் இருப்பது அப்படிச் சாய்ந்தது. பசை அத்தனை துளைக்குள்ளும் இறங்கி இறுகினால், எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதாவது ஒரு துளை பிடித்துக்கொள்ளும். முன்பக்கத்துக் கூட்டில் குறுக்குத் தடுப்புகளைத் துளைத்து, கம்பியை அவற்றின் ஊடே நுழைத்தாள். மருந்தை ஊற்றி இரண்டு தடவை துடைத்தாள். வெள்ளியங்கிரி கட்டையை ஆடாமல் பிடித்திருந்தார். டிரில் ஓடும்போது கை அதிர்ந்தது. அவள் கண்ணைச் சிமிட்டவில்லை. துளை ஒன்று இடம் தப்பினால் மறுபக்கம் போய்விடும், ஒன்றுகூடத் தப்பவில்லை. சுவர் பூசுவதற்கு முன் கொத்துவிடுகிற மாதிரி என்று அவருக்குப் பட்டது. வேலை நடக்கிற இடத்தில் பேச்செதற்கு.

சனிக்கிழமை முழுக்கக் கராஜில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். சைக்கிளுக்குக் காற்றடிக்கப் பம்பு எடுக்க வந்த கதிரை, “அக்கட்டாலயே நில்லு” என்று விரட்டினார்.

“அப்பா, பம்புதான் எடுக்கறேன்.”

“காத்துப் பட்டாலும் வேண்டாம். சைக்கிள் நாளைக்கு ஓட்டலாம்.”

“எண்ணெய் தேச்சது நானா நீங்களா?”

“அதனாலதான் நானே காவல் இருக்கறேன். போ.”

ஞாயிற்றுக்கிழமை, சுடும் இடமான ரேஞ்சில் வேடிக்கை பார்ப்பவர்களுக்கு மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் இடம். காதை மூடுகிற கருவி ஒன்று கொடுத்தார்கள். வெள்ளியங்கிரி அதை நம்பாமல் உள்ளே பஞ்சும் வைத்துக்கொண்டார். கிளப்பின் தலைவி மார்ஜி, ஆறடி உயரத்தில் நரைத்த தலை. அவரைப் பார்த்து ஏதோ சொன்னாள். அவர் கும்பிட்டு வைத்தார்.

வான்மதி பாயில் குப்புறப் படுத்தாள். கட்டையைத் தோளில் கொடுத்தாள். கன்னத்தை இறக்கினாள்.

மற்றவர்கள் எல்லாரும் தூரத்துக் காகிதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள். வெள்ளியங்கிரி அந்தப் பக்கம் திரும்பவே இல்லை. அவர் பார்த்தது அவள் கன்னத்தை. அது மேட்டில் உட்கார்ந்தது. உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான். வெடிச்சத்தம் கேட்டது, கன்னம் எழவில்லை. பக்கத்தில் படுத்திருந்த பெண் ஒவ்வொரு குண்டுக்கும் தலையைத் தூக்கிக் கழுத்தை ஆட்டிக்கொண்டாள். வான்மதி அந்தக் கட்டையோடு கூடப் பிறந்தவள் மாதிரிக் கிடந்தாள். விரல் ஒன்று அசைந்தது, அவ்வளவுதான். கடைசிக் குண்டுகளுக்கு வந்தபோது வெள்ளியங்கிரிக்குத்தான் கழுத்து வலித்தது. இத்தனை நேரமாக மூச்சை எங்கே வைத்திருந்தார் என்று அவருக்கே தெரியவில்லை.

முடிந்து, காகிதங்களை எடுத்துவந்து எண்ணி, மார்ஜி ஏதோ அறிவித்தாள். கதிர் கையைத் தூக்கிக்கொண்டு குதித்தான். “வந்துட்டாப்பா! நாலாவது இடம் இவளுக்குத்தான்!”

“கழண்டுச்சா?” என்றார் வெள்ளியங்கிரி.

“எதுங்கப்பா?”

“மேடு.”

மார்ஜி கட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எந்தக் கடையில் செய்தது என்று கேட்கிறாள் என்று கதிர் சொன்னான். வான்மதி தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அப்புறம் மாமனாரைக் காட்டி ஏதோ சொன்னாள். மார்ஜி வாய்விட்டுச் சிரித்து, அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

“என்ன அம்மிணி சொன்னே அவகிட்ட?”

“செஞ்சது நானு, பொட்டு வச்சது எங்க மாமான்னேன்.”

“எண்ணெய்?”

“அதை வீட்டோட வச்சுக்கலாங்க.”

வீட்டுக்கு வந்ததும் அவள் இரும்பைக் கழற்றித் துடைத்துப் பீரோவில் பூட்டிவிட்டு, கட்டையை மட்டும் மேசைமேல் வைத்தாள். வெள்ளியங்கிரி சமையல்கட்டுக்குப் போய்ச் சோப்புப் போட்டுக் கை கழுவினார். விரல்களை மோந்து பார்த்தார். மறுபடி கழுவினார். பிறகு வந்து கட்டையைத் தூக்கித் தோளில் வைத்து, கன்னத்தை இறக்கினார். பின்பக்கம் அக்குளுக்குள் போய் இடித்தது. மேடு தாடை எலும்பில் குத்தியது.

“எனக்குச் சேரலை” என்றார்.

“உங்களுக்கு எப்படிங்க சேரும்?”

“அதைத்தான் சொல்றேன். உனக்குத்தான் சேரும்.”

கட்டையை வெளிச்சத்தில் பிடித்து, மேடும் பிளாஸ்டிக்கும் சேருகிற ஓரத்தில் கட்டைவிரல் நகத்தைக் கொடுத்துத் தூக்கிப் பார்த்தார். அசையவில்லை. கொஞ்சம் தள்ளிக் கொடுத்துப் பார்த்தார்.

“இன்னும் நம்பிக்கை வரலீங்களா மாமா?”

“கழண்டு தொலைக்குதான்னு பாக்கறேன்.”

ஓரம் முழுவதும் சுற்றி வந்தார். நகம் வலித்தது. எங்கேயும் ஓர் இடத்தில்கூடக் கிளம்பவில்லை. “ம்” என்று சொல்லிவிட்டு, கட்டையை இரண்டு கையாலும் பிடித்து, எண்ணெய்ப் பாட்டில் இருக்கிற பக்கமே போகாமல், மேசையின் நடுவில் கொண்டுபோய் வைத்தார்.